பத்து ஆடு வாங்குமுன் குழைக் கணக்கைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 12 பரப்பு (முக்கால் ஏக்கர்) காணி, நல்ல தண்ணீர்க் கிணறு. போயர் என்ற பெரிய இனத்து ஆடு பத்து வாங்கி வளர்த்தால் சரிவருமா, கூடவே நாலைந்து செம்மறியும் விடலாமா, கொட்டில் எப்படிப் போடுவது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து அண்ணன் காசு அனுப்பத் தயாராக இருக்கிறாராம்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடு வளர்க்கலாம். பத்து வேண்டாம், நாலு மறியாட்டோடு (பெண் ஆட்டோடு) தொடங்குங்கள். போயர் இனமா ஜம்னாபாரி இனமா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதலில் குழை தரும் உயிர்வேலி, அடுத்தது கொட்டில், அப்புறம்தான் ஆடு. யாழ்ப்பாணத்தில் ஆடு வளர்க்க வெளிக்கிட்டுக் கைவிட்டவர்களில் நான் கண்ட அநேகர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள்தான்.

ஏன் வேலி முதலில்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 கிலோ நிறையுள்ள ஆடு ஒரு நாளைக்குத் தன் நிறையில் 3 முதல் 4 சதவீதம் உலர்ந்த தீனி தின்னும். ஏறக்குறைய ஒரு கிலோ. பச்சைக் குழையில் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால் அந்த ஒரு கிலோ தேற 4 கிலோ பச்சைக் குழை வேண்டும். பத்து ஆட்டுக்கு 40 கிலோ. மழையோ வெயிலோ, செத்தவீடோ கலியாணவீடோ, தினமும் 40 கிலோ. குட்டிகள் வளரத் தொடங்கினால் அதுவும் போதாது.

இனி உங்கள் காணி. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்றால் 12 பரப்பு முக்கால் ஏக்கர், ஏறத்தாழ 3,000 சதுர மீற்றர். சதுரமான காணி என்று வைத்தால் சுற்றுவேலி 220 மீற்றர் வரும். அரை மீற்றருக்கு ஒரு சீமைக்கிளுவை (கிளிரிசிடியா) கதியால், அதாவது வேலித்தடி, நட்டால் 440 மரம். ஒரு மரத்தில் ஒரு வெட்டுக்கு 3 கிலோ குழை கிடைக்கிறது, திரும்பத் தழைக்க மூன்று மாதம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 15 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஆட்டுக்குச் சீமைக்கிளுவையை மட்டும் போட முடியாது, பாதித் தீனியாகத்தான் போடலாம். அப்படிப் பார்த்தால் உங்கள் வேலி ஏழு வாய்க்குப் பாதித் தீனி தரும். நாலு மறியும் அவற்றின் வளர்ந்த குட்டிகளும் சேர்ந்தால் ஏழு வாய் வந்துவிடும். நான் நாலு என்று சொன்னது இந்தக் கணக்கில்தான். மற்றப் பாதிக்குப் பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பலா, வேம்பு, அகத்தி, வாதராணி, வளவில் முளைக்கும் புல் எல்லாம் இருக்கிறது. பலாக்குழைக்கு ஆடு கொட்டிலை உடைத்துக்கொண்டு வரும். ஆனால் வேண்டிய நேரமெல்லாம் வெட்ட அது வேலிமரம் இல்லை.

கோ-3 புல் நடலாமே என்று கேட்பீர்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய புல் அது, நம் நாட்டில் எங்கும் பரவிவிட்டது. மாட்டுக்கு அருமை. ஆட்டுக்குப் போட்டால் இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலால் மிதித்துத் தள்ளும், சிறிதாக வெட்டிப் போட வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றால் இறைக்கிறோம். கூடுதலாக இறைத்தால் உவர் ஏறும். வைகாசி, ஆனி வெயிலில் புல்லுக்கு இறைப்பதைவிட, வேர் ஆழப் போய்த் தானே தண்ணீர் தேடும் மரத்தில் குழை எடுப்பது புத்தி. இரண்டு பரப்பில் புல் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

சீமைக்கிளுவையில் இரண்டு விஷயம். புதிதாகப் போட்டால் ஆடு மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும். முதல்நாள் பின்னேரம் வெட்டி வாடவிட்டு அடுத்த நாள் காலையில் போடுங்கள், சில நாளில் பழகிவிடும். மற்றது, மழை முடிந்ததும் வெட்டாமல் விட்டால் தை, மாசியில் இலை கொட்டிப் பூத்துவிடும். மார்கழிக் கடைசியில் ஒருமுறை வெட்டிவிட்டால் கோடைக்குள்ளும் பச்சையாக நிற்கும்.

இப்பில் இப்பில் (சவுண்டல்) மரம் பற்றியும் சொல்ல வேண்டும், அதற்குப் பின்னால் ஒரு தீவு ஆடுகளின் கதை இருக்கிறது. அந்த இலையில் மிமோசின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. அளவு மிஞ்சினால் மயிர் கொட்டும், கழுத்துக்கழலை வரும். ஆஸ்திரேலியாவில் மாடுகளுக்கு இது பெரிய தலையிடியாக இருந்தது. ஆனால் ஹவாய்த் தீவில் ஆடுகள் இதையே தின்று ஒரு கேடும் இல்லாமல் திரிந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், அந்த ஆடுகளின் இரைப்பைக்குள் இருக்கும் ஏதோ ஒரு நுண்ணுயிர்தான் நச்சை உடைக்கிறது என்று ஊகித்தார். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் இரைப்பைச் சாற்றைக் கொண்டுபோய் ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்தார்கள். நோய் நின்றது. பின்னர் 1992இல் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். உங்கள் ஆட்டுக்கு அந்த நுண்ணுயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் போக வேண்டாம். மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்பில் இப்பில் போடாமல் இருந்தால் போதும்.

வேலியில் மஞ்சள் அலரி நின்றால் இன்றைக்கே பிடுங்குங்கள். மனிதருக்கே நஞ்சு, ஆட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடாதீர்கள், வெயிலில் நன்றாக உலர்த்திப் போடலாம். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ மருந்தடித்தால் அந்த வரம்புப் புல்லை இரண்டு கிழமைக்குத் தொட வேண்டாம்.

சரி, கொட்டிலுக்கு வருவோம். நிலத்தில் ஆட்டைப் படுக்க விடாதீர்கள். நிலத்திலிருந்து மூன்று, நாலடி உயரத்தில் தட்டி அடித்து, சலாகைகளுக்கு இடையில் அரை அங்குல இடைவெளி விடுங்கள். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழ வேண்டும், குட்டியின் கால் இடுக்கில் மாட்டக் கூடாது. பனஞ்சலாகை இதற்கு நல்லது. பெரிய ஆட்டுக்குத் தலைக்கு 12 முதல் 15 சதுர அடி போதும். கூரைக்குக் கிடுகோ பனையோலையோ போடுங்கள். தகரம் என்றால் உயர்த்திப் போடுங்கள், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் ஆடு மூச்சு வாங்கியே செத்துவிடும். ஜாவாத் தீவில் சிறு விவசாயிகள் இதே முறையில் மூங்கிலால் காலூன்றிய கொட்டில் கட்டி, குழையும் புல்லும் வெட்டி வந்து போட்டுத்தான் ஆடும் செம்மறியும் வளர்க்கிறார்கள். 

நம்மூரில் இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்குப் பெரும்பங்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து காற்றோடு வரும். வடக்கையும் கிழக்கையும் அடியிலிருந்து இடுப்பளவுக்கும் மேலாக அடைத்துவிடுங்கள், மற்ற இரண்டு பக்கமும் காற்றோடட்டும். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் வந்தபோது இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஓரிரு நாளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்துச் செத்தன. வெயில் நாட்டில் குளிரிலா என்று வெளியாட்கள் ஆச்சரியப்பட்டார்கள். நனைந்த உடம்பு, வெறும் வயிறு, விடாத காற்று, இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். திறந்த வெளியில் நின்ற மெலிந்த விலங்குகள்தான் அதிகம் அகப்பட்டன. மழைக்காலத்தில் குழை வெட்டப் போக முடியாத நாட்களுக்குக் கடலைக்கொடி, உழுந்துக் கோது, வைக்கோல் என்று ஏதாவது உலர்தீனி கொட்டில் பரணில் இருக்க வேண்டும்.

இப்போது ஆட்டை மெய்யாகவே கொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ஆடு செத்தால் ‘மழை பட்டுச் செத்தது’ என்பார்கள். பல தடவை கொன்றது மழை இல்லை, மழையோடு பெருகிய வயிற்றுப்புழு. ஹீமோன்கஸ் என்று பெயர். நாலாம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லி லீற்றர் குடிக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. கேட்கச் சின்னதுதான். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி லீற்றர், 20 கிலோ ஆட்டின் உடலில் மொத்தமே ஒன்றரை லீற்றர் அளவு இரத்தம்தான். பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு ஐயாயிரம் முட்டைக்குக் குறையாமல் இடும். ஈரமும் சூடும் இருந்தால் நாலு நாள் முதல் ஒரு கிழமைக்குள் முட்டை தொற்றக்கூடிய குடம்பியாகி (புழுக்குஞ்சாகி), பனித்துளியோடு புல்லில் ஏறி நிற்கும்.

இந்தப் புழுவுக்குக் கழிச்சல் இருக்காது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஆடு தின்றுகொண்டே இருக்கும், ஒருநாள் விழும். கண்ணின் கீழிமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் பயமில்லை, வெளிறிய ரோசா என்றால் யோசிக்க வேண்டும், வெள்ளை என்றால் அன்றைக்கே மருந்து. தாடைக்குக் கீழே பை போல வீங்கியிருந்தால் நிலைமை முற்றிவிட்டது. தென்னாபிரிக்காவில் இந்த இமைப் பார்வையை ஐந்து நிற அட்டையாக்கி ஃபமாச்சா என்று பெயர் வைத்தார்கள், இப்போது உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை, கோடையில் மாதம் ஒருமுறை பாருங்கள். வெளிறிய ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுங்கள். மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்கு அசையாத புழுவை நீங்களே வளர்த்தெடுப்பீர்கள். இன்னொன்று, போத்தலில் செம்மறிக்கு எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் போதாது, வெள்ளாடு மருந்தைச் சீக்கிரம் உடலிலிருந்து கழித்துவிடும். கால்நடை வைத்தியரிடம் ஆட்டுக்குரிய அளவைக் கேட்டு எழுதி வையுங்கள். நிறையைக் கண்மட்டில் சொல்லாமல் தராசில் நிறுத்துச் சொல்லுங்கள்.

மருந்தைவிடப் பெரிய வேலையைக் குழை செய்கிறது. குடம்பி நிலத்தோடு ஒட்டிய புல்லில் நிற்கும், கொக்கத்தடியால் இழுத்து வெட்டிய பூவரசங்குழையில் நிற்காது. இதனால்தான் வேலியைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினேன். மேயவிடுவதென்றாலும் பனி காய்ந்த பிறகு விடுங்கள். பசிபிக்கில் தொங்கா தீவில் 1990களில் ஒரு முறையைச் சோதித்தார்கள். மேய்ச்சல் நிலத்தைப் பத்துத் துண்டாக்கி, ஒரு துண்டில் மூன்றரை நாள் மட்டும் ஆட்டை விட்டு, பிறகு 31 நாளுக்கு மேல் அங்கே திரும்பவிடவில்லை. முட்டை தொற்றும் நிலைக்கு வருமுன் ஆடு அடுத்த துண்டுக்குப் போய்விடும், திரும்பி வரும்போது சூட்டில் சக்தியெல்லாம் தீர்ந்து குடம்பிகளில் பெரும்பகுதி செத்திருக்கும். குளிர்நாட்டில் மாதக்கணக்காகக் கிடக்கும் குடம்பி வெப்பத்தீவில் அப்படி நீடிக்காது என்பதுதான் சூட்சுமம். உங்கள் காணியில் பத்துத் துண்டு சரிவராது, ஆனால் ஆட்டைக் கட்டும் தறியை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவும், பழைய இடத்துக்கு ஒரு மாதம் போகாமல் இருக்கவும் உங்களால் முடியும்.

பசுமாட்டைச் சேர்த்து மேய்த்தால் புழு குறையும் என்று யாராவது சொல்வார்கள். பொய்யில்லை, ஆட்டுப் புழுவின் குடம்பியை மாடு தின்றால் அநேகமாக அது அங்கேயே அழியும். ஆனால் இலங்கையில் இதற்கு மறுபக்கம் ஒன்றுண்டு. மாட்டின் வயிற்றறையில் செற்றாரியா என்ற நூல்புழு சாதாரணமாக வாழும், மாட்டுக்கு அதனால் பெரிய கேடில்லை. நுளம்பு அதன் குஞ்சை ஆட்டுக்கு ஏற்றினால் அது வழிதவறி முள்ளந்தண்டுக்குள் போய்விடும். நேற்று நன்றாக நின்ற ஆடு இன்றைக்குப் பின்கால் இழுத்துக்கொண்டு கிடக்கும். வெளியிலிருந்து வந்த உயர்ந்த இனங்களுக்கு இது மோசமாக அடிக்கும். செய்வினை என்று சொல்லி நூல் கட்டியவர்களையும் கண்டிருக்கிறேன். முதல் நாளே வைத்தியர் வந்தால் சில ஆடு தேறும், பிந்தினால் இல்லை. மாட்டுக் கொட்டிலுக்கு எட்டத்தில் ஆட்டுக் கொட்டிலைப் போடுங்கள், மழைக்காலப் பின்னேரங்களில் வேப்பங்குழைப் புகை போடுங்கள், முடிந்தால் நுளம்புவலை அடியுங்கள். தடுப்புக்கு ஊசி வேண்டுமா என்று கால்நடை வைத்தியரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

மற்ற நோய்களுக்குக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் வைத்தியப் பணிமனையில் பதிந்து வையுங்கள், தடுப்பூசிக் காலம் அவர்கள் சொல்வார்கள். குட்டி விழுந்ததும் தொப்புளுக்கு அயடின், ஒரு மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால் (ஈன்றதும் சுரக்கும் முதற்பால்). அவ்வளவுதான்.

இனி இனம். போயர் தென்னாபிரிக்க ஆடு, நன்றாகத் தீனி போட்டால் கிடாய் 100 கிலோவையும் தாண்டும். அந்தத் தீனி உங்கள் வேலியில் இல்லை. 70, 80 கிலோ மறிக்கு என்ன வேண்டும் என்று மேலே உள்ள கணக்கை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். ஜம்னாபாரி வட இந்தியாவின் யமுனைப் பக்கத்து ஆடு, நெடிய கால், தொங்கும் காது, பாலும் உண்டு. ஆள் உயரத்துக்கு நின்று குழை கடிக்கும் என்பதால் நம் பக்கத்தில் அதன்மேல் எப்போதும் ஒரு மயக்கம். இந்தோனேசியாவில் இதே ஆட்டை எத்தாவா என்று கொண்டுபோனவர்கள் அப்படியே வைத்திருக்கவில்லை. ஊரிலிருந்த சின்னக் கச்சாங் ஆட்டோடு கலந்தார்கள், அந்தக் கலப்பு இனம்தான் இன்றைக்கு ஜாவாவில் பாலாடு. நீங்களும் அதையே செய்யுங்கள். நம்மூர் வெயிலிலும் புழுவிலும் நுளம்பிலும் பிழைத்த நாட்டு மறி, அல்லது நாட்டோடு ஜம்னாபாரி கலந்த மறி நாலு வாங்குங்கள். புத்தளம் பக்கத்துக் கொட்டுகச்சி ஆடு கிடைத்தாலும் நல்லது, வறள்வலயத்துக்கென்றே உருவான கலப்பு அது. கிடாய் வாங்க வேண்டாம். நாலு மறிக்கு ஒரு கிடாய்க்கு வருடமெல்லாம் தீனி போடுவது நட்டம், நாற்றம் வேறு. நல்ல போயர்க் கலப்புக் கிடாய் வைத்திருப்பவரிடம் கொண்டுபோய் விடுங்கள். போயரின் பலன் குட்டியில் வரட்டும், தாய் நாட்டு ஆடாக இருக்கட்டும்.

செம்மறியை நான் தடுப்பதற்கு வேறு காரணம். யாழ்ப்பாணச் செம்மறி கம்பளி இல்லாத, குறுமயிர்ச் சின்ன ஆடு, இந்த வெயிலுக்கு ஏற்றது. ஆனால் அது கூட்டமாகத் தரவையில் (திறந்த மேய்ச்சல் வெளியில்) மேய்ந்து பழகியது. தனியே கட்டினால் கத்திக்கத்தி மெலியும். மாசி, பங்குனியில் நெல் வெட்டிய வயல், தரவை, பனங்கூடல் என்று மேய்க்க ஆளும் இடமும் இருப்பவருக்குச் செம்மறி லாபம், 12 பரப்பு வளவுக்கு இல்லை. வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் வயிற்றுப்புழு ஒன்றே என்பதால் சேர்த்து மேய்த்தும் ஆதாயமில்லை. மாட்டுக்கோ வெள்ளாட்டுக்கோ விற்கும் தாதுக்கலவையில் செம்பு கூடுதலாக இருக்கும். வெள்ளாடு தாங்கும், செம்மறிக்கு அது ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் கொன்றுவிடும். கரீபியனில் பார்படோஸ் பிளாக்பெல்லி என்று ஒரு செம்மறி உண்டு. அதுவும் கம்பளியில்லாதது, வருடத்தில் எந்த மாதமும் இனம் சேரும், இரட்டைக் குட்டி சாதாரணம், புழுவையும் ஓரளவு தாங்கும். கம்பளிச் செம்மறியை இறக்கி நொந்த வெப்பத்தீவுகள் பல இப்படியான மயிர்ச் செம்மறிக்குத்தான் திரும்பின. நம்மிடம் ஏற்கெனவே இருப்பதும் அந்த வகைதான், எங்கேயும் தேடிப் போக வேண்டாம்.

வருமானம் என்றால் எல்லோரும் இறைச்சியை நினைக்கிறார்கள். முதல் வருடத்தில் கைக்கு வருவது ஆட்டெரு. வெங்காயம், புகையிலை, வெற்றிலைக்காரர் தேடி வந்து வாங்குவார்கள். தட்டிக்குக் கீழே மழைத்தண்ணீர் ஓடாமல் சிறு அணை கட்டி வைத்தால் எரு சுத்தமாக, உலர்ந்து சேரும். பிறகு பால். நாட்டுக் கலப்பு மறி குட்டிக்கு விட்டது போக அரை லீற்றர் தந்தால் வீட்டுத் தேத்தண்ணிக்குப் போதும், அதற்கு மேல் கறந்தால் குட்டி சூம்பும். கிடாய்க்குட்டிகளைத் தீபாவளி, ஹஜ்ஜுப் பெருநாள் காலங்களைப் பார்த்து விற்கலாம். வியாபாரி கண்மட்டில் விலை சொல்லுவார், நீங்கள் நிறுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். சீக்கிரம் கொழுக்க வேண்டும் என்று கிடாய்க்குட்டிக்குத் தவிடாகவே கொடுக்காதீர்கள், மூத்திரக்கல் அடைத்து விற்குமுன் செத்துவிடும்.

கட்டாக்காலி நாய்களை மறக்க வேண்டாம். ஓரிரவில் கூட்டமாக வந்து நாலையும் கடித்துப்போட்டால் இவ்வளவு கணக்கும் வீண். கொட்டிலுக்குக் கம்பிவலையும் பூட்டும் அண்ணனின் காசில் முதல் செலவாக இருக்கட்டும். களவுக்கும் அதுதான் மருந்து.

இந்த ஐப்பசி மழையோடு கதியாலை நடுங்கள். முதல் குழை வெட்ட அடுத்த ஆடி, ஆவணி ஆகும். அதற்கிடையில் கொட்டிலை முடித்து, ஆவணியில் மறிகளை வாங்குங்கள். வாங்கும்போது இமையைப் பாருங்கள், பல்லைப் பாருங்கள், தாய் இரட்டைக்குட்டி போட்டதா என்று கேளுங்கள். புதிதாக வந்த ஆட்டை மூன்று கிழமை தனியே கட்டி வைத்து, இமை வெளிறியிருந்தால் புழுமருந்து கொடுத்த பிறகே கொட்டிலில் சேருங்கள். மறி 21 நாளுக்கு ஒருமுறை கிடாய் தேடிக் கத்தும். புரட்டாசி பிறந்தபின் கிடாய்க்கு விட்டால், சினைக்காலம் 150 நாள், மாசியில் குட்டி விழும். மழை விட்டிருக்கும், வேலி தழைத்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் குட்டி போடும்படி மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டாவது ஈற்றுக்குப் பிறகும் வேலியில் குழை மிஞ்சினால் ஐந்தாவது மறியைப் பற்றி யோசிக்கலாம்.